பத்துக் கிலோவில் ஒரு கொட்டை

செவ்வாய்க்கிழமை மதிய ஷிப்டில் எடுத்த பத்துக் கிலோ பழத்தில் நான்கு கொட்டைகள் இருந்தன. நான் இரண்டு முறை எண்ணினேன்.

புளிப்புச் செர்ரியின் கொட்டையை நீக்கி, உறையவைத்து, ஜெர்மனிக்கு அனுப்புகிற தொழிற்சாலை எங்களுடையது. மாதிரி எடுத்து எண்ணுவது ஆய்வுக்கூடத்தில் என் வேலை. வாங்குகிறவர்கள் பத்துக் கிலோவுக்கு ஒரு கொட்டை வரை பொறுத்துக்கொள்வார்கள். அந்த எழுபத்தெட்டாம் வருடம் ஜூன் கடைசியில் போன லாரியில் மூன்று இருந்தன. அங்கே கேக் சாப்பிட்ட ஒரு பள்ளி ஆசிரியரின் பல் உடைந்துவிட்டது. அதன்பின் வந்த கடிதம் சுருக்கமாக இருந்தது. வெள்ளிக்கிழமை எங்கள் ஆள் வருவார், லாரியில் ஏற்றுவதற்கு முன் அவரே எண்ணுவார், ஒன்றுக்கு மேல் இருந்தால் ஒப்பந்தம் முடிந்தது.

ஒப்பந்தம் போனால் இரண்டாவது பெல்ட் நின்றுவிடும். அதில் முப்பத்தெட்டுப் பெண்கள் வேலை பார்த்தார்கள். சீசன் பாதிதான் ஆகியிருந்தது.

குறை இயந்திரத்தில் இருந்தது. கொட்டையைத் தள்ளும் ஊசி பழத்தின் நடுவில் இறங்காவிட்டால் கொட்டை உள்ளேயே தங்கிவிடும். புது இயந்திரம் வர ஒரு வருடமாகும் என்று இன்ஜினியர் ராதொமிர் சொல்லிவிட்டார். அதுவரை பெண்களின் விரல்கள்தான் கதி. பெல்ட்டில் ஓடும் பழத்தை ஆளுக்கொரு தட்டில் அள்ளி, தொட்டுப் பார்த்து, கொட்டை உள்ளதைப் பொறுக்கி வெளியே போட வேண்டும்.

இயக்குநர் மிலுதின் வசந்தகாலத்தில்தான் நிஷ் நகரத்திலிருந்து வந்திருந்தார். நிறையப் படிக்கிறவர். செவ்வாய்க்கிழமை ஷிப்டு தொடங்குமுன் பெண்களை நிற்கவைத்து, நிலைமையை ஒளிக்காமல் சொன்னார். "உங்களுக்குத் தோணுறதச் சொல்லுங்க. எந்த யோசனையா இருந்தாலும் கேக்கறேன்."

தேசங்கா மட்டும் கையைத் தூக்கினாள். பெல்ட்டில் வாய் ஓயாதவள் அவள்தான்.

"தோழர் இயக்குநரே, ஒண்ணு தோணுது. ஜெர்மன்காரங்களுக்கு நம்ம செலவுலயே நல்ல பல்லாக் கட்டிக் குடுத்துரலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். இயக்குநரும் சிரித்தார். அத்தோடு கூட்டம் கலைந்தது.

தாழ்வாரத்தில் அவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "முப்பத்தெட்டுப் பேர், ஸ்லவ்கா. ஒருத்தருக்குக்கூடவா ஒரு யோசனையும் இல்ல?"

"இருக்கும். சொல்ல மாட்டாங்க."

"ஏன்?"

அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் என் நோட்டில் ஒன்று இருந்தது. யாரிடம் கொட்டை அதிகம் தப்புகிறது என்று பார்க்க, ஒரு வாரமாக ஒவ்வொருவர் தட்டிலிருந்தும் தனித்தனியாக மாதிரி எடுத்துக்கொண்டிருந்தேன். பெல்ட்டின் கடைசியில், மேற்கு ஜன்னல் ஓரம் உட்காரும் ஸ்பாசெனியாவின் தட்டில் ஆறு நாளில் ஐந்து நாள் ஒரு கொட்டைகூட இல்லை. ஒரே ஒரு நாள் மட்டும் மற்றவர்களைப் போலவே இருந்தது. அந்த நாளின் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஓரத்தில் 'மழை' என்று நானே எழுதி வைத்திருந்தேன்.

மாலை ஐந்து மணிக்கு அவள் பின்னால் போய் நின்றேன். நாற்பத்தாறு வயது, அகலமான தோள், பேச்சு குறைவு. மற்றவர்களைப் போலவே விரலால் தொட்டுத் தொட்டுப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் நகர்ந்து தூணுக்கு அந்தப் பக்கம் போனதும், கம்பி வலைத் தட்டைத் தூக்கி ஜன்னல் பக்கம் ஒரு கணம் சாய்த்தாள். இறக்கி, இரண்டு பழங்களை எடுத்து வெளியே போட்டாள். நான் திரும்பி வந்ததும் தட்டு கீழே இருந்தது.

இடைவேளையில் ரொட்டியும் வெள்ளைச் சீஸும் தக்காளியுமாக முற்றத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தேசங்கா. நானும் போய் உட்கார்ந்தேன்.

"தட்ட எதுக்கு ஜன்னல்கிட்டத் தூக்குற?"

"தண்ணி வடியறதுக்கு."

"மழை பெய்யற அன்னைக்கு மட்டும் வடிய வேண்டாமா?"

தேசங்கா தக்காளியைக் கடிப்பதை நிறுத்தினாள். ஸ்பாசெனியா கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தாள்.

"ஸ்லவ்கா, நீ எழுபத்தி நாலுல இங்க இல்ல. அப்ப கூடையில முக்கால்வாசி மட்டும் பழம் கொட்டினா அடியில நசுங்காது, காம்பு சீக்கிரம் ஆயலாம்னு நான் சொன்னேன். வாயத் திறந்து சொன்னேன். என்ன ஆச்சு தெரியுமா?"

"ஷிப்டுக்கு ஆளுக்கு முந்நூறு கிலோ முடிக்கணும்னு இருந்தது முந்நூத்தி எண்பது ஆச்சு" என்றாள் தேசங்கா. "அத்தன பேரும் இவளத் திட்டினோம். நான்தான் அதிகமாத் திட்டினேன்."

"யோசனை சொன்னவங்க பேரு போட்ட காயிதத்துல முதல் பேரு இன்ஜினியர் ராதொமிர். ரெண்டாவது பேரு அப்ப இருந்த இயக்குநர். மூணாவது யாரோ பெல்கிரேடுல. என் பேரு இல்லவே இல்ல. பேரு கிடக்கட்டும், விடு. எண்பது கிலோவ என் தலைமேல நானே ஏத்திக்கிட்டேன் பாரு, அதத்தான் மறக்க முடியல."

"இப்ப பெல்ட்டையே மூடப் போறாங்களே."

"வருஷா வருஷம் மூடப் போறோம்னுதான் சொல்றாங்க."

"இந்தத் தடவ நிஜம். கடிதத்த நான் படிச்சேன்."

அவள் ரொட்டியைத் துணியில் சுற்றினாள். "அப்ப எண்பது கிலோ ஏறாதுன்னு எழுதிக் குடுக்கச் சொல்லு."

நான் நேரே இயக்குநர் அறைக்குப் போனேன். ஒருத்திக்கு வழி தெரியும், அவள் ஏன் சொல்லவில்லை என்பதும் எனக்கு இப்போது தெரியும் என்றேன்.

"யாரு? கூப்பிடுங்க. நான் சொன்னா செய்ய மாட்டாங்களா?"

"செய்வாங்க. தட்டத் தூக்குன்னா தூக்குவாங்க. அடுத்த தடவ வேற ஏதாவது தோணுச்சுன்னா, உங்ககிட்ட வர மாட்டாங்க."

அவர் தட்டச்சு இயந்திரத்தைத் தன் பக்கம் இழுத்து, தானே இரண்டு விரலால் அடித்தார். இரண்டே வாக்கியங்கள். யோசனை யாருடையதோ அவர் பெயர் மட்டுமே காகிதத்தில் இருக்கும். யோசனையால் வேலை எளிதானாலும் கிலோ அளவு இந்த சீசனிலும் அடுத்த சீசனிலும் ஏறாது. தொழிலாளர் சபைத் தலைவரை வரவழைத்துக் கையெழுத்து வாங்கினார். இன்ஜினியரையும் கூப்பிட்டார்.

ராதொமிர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இது என்னத்தான் குத்துது."

"உங்களக் குத்த எழுதல. போடறீங்களா?"

"அப்ப எல்லாரும் அப்படித்தான் செஞ்சோம். இன்ஜினியர் பேரு இல்லாட்டி கமிட்டியத் தாண்டாது." மறுபடியும் படித்தார். கையெழுத்துப் போட்டார்.

புதன்கிழமை ஷிப்டு தொடங்கும்போது இயக்குநர் அந்தத் தாளைப் பெல்ட்டின் தலைப்பக்கச் சுவரில் ஒட்டினார். பெண்கள் கூடிப் படித்தார்கள். ஸ்பாசெனியா கடைசியாக வந்து, இரண்டு முறை படித்தாள்.

"முத்திரை எங்க?"

"கையெழுத்து மூணு இருக்கே" என்றார் இயக்குநர்.

"கையெழுத்து பேனாவுல போட்டது, தோழர் இயக்குநரே."

அவர் மாடியேறிப் போய் முத்திரையை எடுத்துவந்து, சுவரில் வைத்தே அழுத்தினார். மை கொஞ்சம் வழிந்தது. அப்போது யாரும் எதிர்பாராத வகையில் ராதொமிர் பேசினார்.

"எழுபத்தி நாலுல கூடை யோசனை ஸ்பாசெனியாவோடது. என்னோடது இல்ல. எல்லாரும் கேட்டுக்கங்க."

"எங்களுக்குத் தெரியும்" என்றாள் தேசங்கா. "உங்களுக்குத் தெரியுமான்னுதான் தெரியாம இருந்தது."

ஸ்பாசெனியா தன் இடத்துக்குப் போனாள். தட்டில் இரண்டு பிடி பழத்தை ஒரே அடுக்காகப் பரப்பி, ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள். கொட்டை போன பழங்கள் வெயிலில் சிவப்புக் கண்ணாடி போல ஒளிர்ந்தன. நடுவில் ஒன்று மட்டும் ஒளிரவில்லை. அதன் வயிற்றுக்குள் கறுப்பாக ஒரு புள்ளி இருந்தது.

"அவ்வளவுதான். தொட்டுப் பாக்க வேண்டியதில்ல. வெளிச்சம் பழத்துக்குப் பின்னால இருக்கணும், முன்னால இருக்கக் கூடாது. நமக்கு விளக்கு தலைக்கு மேல இருக்கு."

நானூறு தடவையாவது அந்த பெல்ட்டைக் கடந்து போயிருப்பேன். எனக்குத் தோன்றியதில்லை.

அதன்பின் நடந்ததுதான் நான் இன்றும் நினைத்துப் பெருமைப்படுவது. முப்பத்தெட்டு வாயும் ஒன்றாகத் திறந்தன.

"எல்லாரும் ஜன்னல்ல போய் நிக்க முடியாதே. ஜன்னலக் கீழ கொண்டு வரணும்."

"கண்ணாடி வச்சு, அடியில விளக்கு."

"கண்ணு கூசும்டி. பால் மாதிரி மங்கின கண்ணாடியா இருக்கணும்."

"பழம் ஒண்ணுமேல ஒண்ணு ஏறுனா தெரியாது."

"சரிவா வச்சுத் தண்ணி விடு. தானா பரவிக்கிட்டு ஓடும்." இது தேசங்கா.

ராதொமிர் தரையில் உட்கார்ந்து சாக்கட்டியால் வரைந்துகொண்டிருந்தார். எத்தனை சரிவு என்று அவர் கேட்க, அவர்கள் சொல்ல, அவர் அழித்து மறுபடி வரைந்தார். சூடாகாத குழல்விளக்குகள் கிடங்கில் இருந்தன. பால் கண்ணாடிதான் இல்லை.

"இந்தத் தொழிற்சாலையில பால் கண்ணாடி ஒரே இடத்துலதான் இருக்கு" என்று தேசங்கா மாடியைப் பார்த்தாள்.

இயக்குநர் அறைக் கதவின் கண்ணாடியைத் தச்சர் கழற்றிக் கொண்டுவந்தார். இரண்டு முறை சோடா போட்டுக் கழுவினோம். வியாழக்கிழமை மதியம் விளக்கு மேசை தயார். முதலில் சரிவு அதிகமாகிப் பழம் பறந்தது. முட்டுக்கு வைத்த ஒரு செங்கலை உருவியதும் சரியாக ஓடியது. அன்று மாலை நான் பத்துக் கிலோ எண்ணினேன், ஒரு கொட்டை. இன்னொரு பத்துக் கிலோ எண்ணினேன், ஒன்றும் இல்லை. நம்பாமல் மூன்றாவதையும் எண்ணினேன்.

வெள்ளிக்கிழமை வந்த ஜெர்மன்காரர் ஒல்லியான, பேசாத மனிதர். மூன்று பெட்டிகளை அவரே தேர்ந்தெடுத்தார். என் மேசையில் உட்கார்ந்து, பனி உருகிய பழத்தை ஒவ்வொன்றாக நசுக்கினார். கை மணிக்கட்டு வரை சிவந்துவிட்டது. இயக்குநரும் ராதொமிரும் ஜன்னலோரம் நின்றார்கள். கதவுக்கு வெளியே காலடிச் சத்தம் வந்து நின்று போனது. யார் என்று பார்க்க நான் எழுந்திருக்கவில்லை. முப்பது கிலோவில் கிடைத்தது ஒரே ஒரு கொட்டை. அதை ஒரு காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். லாரியில் ஏற்றலாம் என்றார்.

பிறகு, எந்த இன்ஜினியர் இதைச் செய்தார் என்று கேட்டார். அங்கே ஜெர்மன் தெரிந்தவள் நான்தான், மொழிபெயர்த்தேன். எல்லோரும் ராதொமிரைப் பார்த்தார்கள்.

"என்னக் கேக்காதீங்க. கீழ போய்க் கேளுங்க" என்றார் அவர்.

கீழே ஸ்பாசெனியா வேலையை நிறுத்தவில்லை. ஜெர்மன்காரர் ஒளிரும் கண்ணாடியின்மேல் ஓடும் பழங்களைக் குனிந்து பார்த்தார். தானும் உட்காரலாமா என்றார்.

"உக்காரட்டும். டையத் தோள்மேல தூக்கிப் போடச் சொல்லு, நனைஞ்சிரும்" என்றாள் ஸ்பாசெனியா.

அவர் ஐந்து நிமிடம் பொறுக்கினார். அவர் தவறவிட்ட இரண்டைப் பின்னாலிருந்து நீண்ட தேசங்காவின் கை எடுத்துப் போட்டது. "பரவாயில்ல, முதல் நாள்தான்" என்றாள். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு அறிக்கைத் தாளை எடுத்தார். இந்த முறையைத் தங்களுக்குப் பழம் அனுப்பும் மற்ற ஆலைகளுக்கும் சொல்ல வேண்டும், யார் பெயரை எழுதட்டும் என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் எழுதத் தொடங்கினார்.

"முழுப் பேரா எழுதச் சொல்லு, ஸ்லவ்கா" என்றாள் ஸ்பாசெனியா, கண்ணைப் பழத்திலிருந்து எடுக்காமல். "முதல் பெல்ட்டுல இன்னொரு ஸ்பாசெனியா இருக்கா."