விரலை எடுத்தால் நிற்கும் மணிக்கூடு

விரல் வைத்தால் மணிக்கூடு ஓடியது. எடுத்தால் நின்றது.

ஸுஹறா மூன்று நாளாக அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பலகையில் பூட்டிய கிறிஸ்டலின் ஒரு காலில் சுட்டுவிரல் பட்டதும் சிவப்பு எண்கள் செக்கன்களை எண்ணத் தொடங்கும். விரலை விலக்கினால் ஒரு எண் மட்டும் எரிந்தபடி உறைந்து நிற்க, மற்றவை அணைந்துவிடும்.

வவுனியாவில் அவளும் தம்பி றிஃபாத்தும் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தார்கள். ஈயம் வைப்பது அவள். மைக்ரோகொன்ட்ரோலர் சில்லுக்கு நிரல் எழுதுவது அவன். பள்ளிவாசலுக்கென்று அவன் செய்த இந்த மணிக்கூடு, நோன்பு திறக்கும் நேரத்தில் தானாகச் சைரன் ஊதும். அப்போது அதில் ஒரேயொரு குறை: நாளுக்கு ஏழு நிமிடம் முந்தி ஓடியது. ஏழு நிமிடம் முந்தித் திறந்தால் அது நோன்பேயில்லை.

காரணத்தை அவனே கண்டுபிடித்திருந்தான். சில்லுக்குத் தானாக நேரம் தெரியாது. பக்கத்தில் செக்கனுக்கு நாற்பது இலட்சம் தடவை துடிக்கும் ஒன்றை வைத்து, அந்தத் துடிப்புகளை எண்ணியே நேரத்தை அறியும். அவன் முதலில் போட்டது மூன்று கால் பீங்கான் துண்டு. அது இருநூறு துடிப்புக்கு ஒன்று தவறும். ஒரு நாளில் அதுவே ஏழு நிமிடம். இரண்டு கால் கிறிஸ்டல் என்றால் நாளுக்கு இரண்டு மூன்று செக்கன்தான் பிசகும்.

"வந்து மாத்துவம் ராத்தா. சாமான் நெருப்புப்பெட்டிக்குள்ள கிடக்கு" என்று சொல்லிவிட்டு, தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது விட்டுவந்த வீட்டு வளவைப் பார்க்க முல்லைத்தீவுக்குப் போனான். 2004 டிசம்பர் இருபத்தைந்து. மறுநாள் காலை கடல் ஊருக்குள் வந்தது. நாயாற்றுப் பக்கம் அவனுடைய மோட்டார் சைக்கிள் மட்டும் கிடைத்தது.

ஒன்பது மாதம் கழிந்து, நாளை மறுநாள் ரமழானின் தலைநோன்பு. மூன்று நாளைக்கு முன் ஸுஹறாவே பீங்கான் துண்டைக் கழற்றி, நெருப்புப்பெட்டியில் கிடந்த கிறிஸ்டலைப் பூட்டியிருந்தாள்; அன்றிலிருந்து விரல் வைத்தால்தான் மணிக்கூடு ஓடியது. பள்ளிவாசல் நிர்வாகி மஹ்றூப் நானா கடைக்கு வந்தார்.

"என்ன தங்கச்சி, முப்பது நோன்புக்கும் நீங்க விரல் வச்சுக்கொண்டு நிக்கப்போறீங்களோ?" என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் குரலைத் தாழ்த்தினார். "விடுங்கோ. கொழும்பில இருந்து ஒண்டு எடுப்பம். இதை ஞாபகத்துக்கு வீட்டில வைங்கோ."

"மையத்தும் கிடைக்கேல்ல, அடக்கின கபுறும் இல்ல நானா. அவன் யோசிச்சது இந்தச் சில்லுக்குள்ள மட்டும்தான் கிடக்கு. அது ஓடவேணும்."

அவர் மேசையில் கிடந்த நெருப்புப்பெட்டியைத் திறந்தார். "இதுக்குள்ள மைசூர்ப் பருப்பு மாதிரி ரெண்டு கிடக்கே?"

"அது பழைய வேலையில மிஞ்சின கொண்டென்..."

சொல் பாதியில் நின்றது. கொண்டென்சர் கொஞ்சம் மின்னேற்றத்தைப் பிடித்து வைக்கும். மனித உடலும் அதைச் செய்யும். மூன்று நாளாக அவளுடைய விரல் கொண்டென்சராக நின்றிருக்கிறது!

பலகையைத் திருப்பினாள். பீங்கான் துண்டின் நடுக்கால் இருந்த ஓட்டை வெறுமையாகக் கிடந்தது; அது எர்த் கோட்டோடு, மின்சுற்றின் பொதுக் கோட்டோடு, சேர்ந்திருந்தது. இரண்டு கொண்டென்சர்கள் அந்தத் துண்டுக்குள்ளேயே இருந்தன. அதற்குத்தான் மூன்றாவது கால். கிறிஸ்டலுக்குள் அவை இல்லை; அவை இல்லாமல் அது துடிக்காது. றிஃபாத் எதையும் மறக்கவில்லை. தேவையானதை ஒன்றாகத்தான் எடுத்து வைத்திருந்தான். அவள்தான் கிறிஸ்டலை மட்டும் எடுத்தாள்.

நெருப்புப்பெட்டியில் கிடந்த இரண்டு கொண்டென்சரிலும் பொடி எழுத்தில் 22 என்றிருந்தது, அந்தக் கிறிஸ்டலுக்கு வேண்டிய அளவு. ஈயம் வைத்து முடித்த பிறகும் சற்று நேரம் விரலை அங்கேயே வைத்திருந்தாள். மஹ்றூப் நானா அவசரப்படுத்தவில்லை.

விரலை எடுத்தாள். எண்கள் நிற்கவில்லை.

கிறிஸ்டலின் காலுக்கு ஒன்றாக இரண்டு கொண்டென்சர், இரண்டின் மறுகாலும் நடு ஓட்டையில். இனி விரல் தேவையில்லை.