வலி போன பாதம்

முதலில் வலித்தது சுண்டுவிரல் பக்கம்தான். ஊரப்பாக்கத்திலிருந்து கிளம்பி கேளம்பாக்கம் தாண்டுவதற்குள் வலது பாதத்தின் வெளியோரம் தணலில் வைத்ததுபோல் எரியத் தொடங்கிவிடும். கோவளத்து டீக்கடை முன்னால் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, ஷூவைக் கழற்றி, பாதத்தைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பான் ஜெபசிங்.

"இன்னா மச்சான், மறுபடியும் காலா?" என்பான் கூட வரும் ராகவன்.

"ஷூ சரியில்லடா."

"மூணாவது ஷூ இது. எல்லா ஷூவும் உனக்குன்னே கெட்டுப்போவுதா?"

ஜெபசிங்குக்கு நாற்பத்திரண்டு வயது. மறைமலைநகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் வேலை. நாலு வருடமாக ஞாயிறு தவறாமல், விடிவதற்கு முன்னால் ராகவனோடு கிளம்பி மாமல்லபுரம் வரை மிதித்துவிட்டு, பத்து மணி ஆராதனைக்குத் திரும்பிவிடுவான். அவனுடைய பாதங்கள் நடுவில் வில் மாதிரி தூக்கிக்கொண்டிருப்பவை. குதிகாலும் விரல்களின் அடியும் மட்டும்தான் தரையில் படும். அந்தப் பாதத்துக்குச் சைக்கிள் ஷூ வாங்குவது லேசில்லை. கடையில் மாட்டிய முதல் ஷூ பாதத்தின் மேல்பக்கத்தை அமுக்கி நெரித்தது. ஒரு அளவு பெரிதாக வாங்கினான். குதிகால் உள்ளே வழுக்கியது. மூன்றாவதில் நடுவிலிருந்த இரண்டு ஓட்டைகளை விட்டுவிட்டு லேஸ் கட்டிப் பார்த்தான். பாதத்துக்கு அடியில் மெத்தென்ற இன்சோல் போட்டான். அரைமணி நேரம் சுகமாக இருந்தது, பிறகு பாதம் அதில் புதைந்து மரத்துப்போனது.

கடைசியில் ராகவன்தான் வழி சொன்னான். "எங்கம்மாவுக்கு சுகர் செருப்பு செஞ்சிக் குடுத்த மேடம் செங்கல்பட்டுல கீறாங்க. ஒருதரம் காட்டிடு."

அந்த மேடத்தின் பெயர் காயத்ரி. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், மாடியில் ஒற்றை அறை. அவள் ஷூவைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. வெறுங்காலோடு இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை நடக்கச் சொன்னாள். நடந்தான். மறுபடியும் நடக்கச் சொன்னாள். பிறகு அவன் கொண்டுவந்த பழைய ஷூவைத் திருப்பி, வலது ஷூவின் முனையில் ரப்பர் தேய்ந்திருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"கண்ண மூடுங்க சார். நான் தொடும்போது சொல்லுங்க."

மூடினான். காத்திருந்தான். "தொடுங்க மேடம்," என்றான்.

"மூணு வாட்டி தொட்டுட்டேன்."

அவன் கண்ணைத் திறந்தபோது அவள் கையிலிருந்த பேனா முனை அவன் சுண்டுவிரல்மேல் இருந்தது.

"வூட்ல வேற யாருக்கானா இதுமாதிரி காலு கீதா?"

அவனுக்கு உடனே அப்பா ஞாபகம் வந்தார். தார் ரோட்டிலும் சேற்றில் இறங்கியவர்போல முழங்காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடப்பார். காலமெல்லாம் கழனியில் நின்ற பழக்கம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். ஐம்பத்தைந்து வயதுக்குமேல் அவர் நடக்கவே இல்லை.

"இல்ல," என்றான் ஜெபசிங்.

காயத்ரி அவனைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு அவன் பாதங்களை நுரைப்பெட்டியில் அழுத்தி அச்செடுத்தாள். "மெத்தை உங்களுக்கு ஆவாது. வளைவுக்கு அடியில கெட்டியா தாங்கல் வேணும். வெளியோரத்துல கொஞ்சம் தூக்கிக் குடுக்கறேன். ஷூ வாங்கினா மேல்பக்கம் ஆழமா கீறதா பாத்து வாங்குங்க." கடைசியில் ஒரு சீட்டில் நரம்பு டாக்டர் ஒருவரின் பெயரை எழுதி நீட்டினாள். "இன்சோல் நான் தரேன். ஆனா இவர மொதல்ல பாருங்க சார். தள்ளிப்போடாதீங்க."

சீட்டை அவன் சைக்கிள் பையில், பஞ்சர் சாமான்களுக்கு அடியில் செருகினான். மனைவி ஹெலனிடம் சொல்லவில்லை.

புது இன்சோலும் புது ஷூவும் வந்தன. முதல் ஞாயிறு கோவளம் வரை பாதம் சும்மா இருந்தது. இரண்டாவது ஞாயிறு மாமல்லபுரம் வரை. மூன்றாவது வாரம் தனக்கு ஒரு வலது பாதம் இருப்பதே அவனுக்கு மறந்துபோனது. "சொன்னேன்ல, ஷூதான்டா பிரச்சினை," என்று ராகவனிடம் சிரித்தான். ஆனால் அந்த வாரமே ஆபீஸ் படிக்கட்டில் இரண்டுமுறை அவன் கால்விரல் தட்டியது. படிக்கட்டைத் திட்டிவிட்டுப் போய்விட்டான்.

நாலாவது ஞாயிறு, திருவிடந்தை. வெளிச்சம் வந்துவிட்டிருந்தது. கடல் பக்கமிருந்து உப்புக்காற்று குறுக்கே அடித்தது. முன்னால் போன கார் திடீரென்று நிற்க, ஜெபசிங் பிரேக் பிடித்தான். அவன் ஷூவின் அடித்தகடு பெடலில் கவ்விக்கொண்டிருக்கும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் விடுபடும். ஆயிரம் தடவை செய்த வேலை. திருப்பினான். திருப்பிவிட்டதாகத்தான் நினைத்தான். கால் பெடலிலேயே இருந்தது. சைக்கிள் நின்றது, சாய்ந்தது. அவன் அதோடு சேர்ந்து வலப்பக்கமாகச் சாலையின் நடுவில் விழுந்தான்.

பின்னால் பஸ். சக்கரம் தேயும் சத்தமும் ராகவனின் அலறலும் ஒன்றாகக் கேட்டன. கண்ணைத் திறந்தபோது பஸ்ஸின் முன்பக்கம் அவன் தலைக்கு மேல் சூடாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. டிரைவர் எட்டிப் பார்த்து, "சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சிதாய்யா?" என்று கத்தினார்.

ராகவன் அவனை ஓரத்துக்கு இழுத்துப்போய் உட்காரவைத்தான். அவன் ஷூவைக் கழற்றி, கையால் பெடலில் மாட்டினான், லேசாகத் திருகினான். டக்கென்று வந்தது. மறுபடியும் மாட்டினான், மறுபடியும் வந்தது.

"பெடல்ல ஒண்ணுமில்ல மச்சான்," என்றான் மெதுவாக. பிறகு அவன் பார்வை கீழே போனது. "டேய், உன் சாக்ஸு…"

சாக்ஸின் வெளியோரம் முழுக்க ரத்தம். கழற்றிப் பார்த்தால், விழுந்த அடி இல்லை. இன்சோலின் விளிம்பு தோலை உரசி உரசிக் கிழித்திருந்தது. கோவளத்துக்கு முன்னாலேயே தொடங்கியிருக்க வேண்டும், ரத்தம் பாதி காய்ந்துவிட்டிருந்தது. ஜெபசிங் புண்ணின்மேல் விரலை வைத்து அழுத்தினான். வேறு யாருடைய காலையோ அழுத்துவதுபோலிருந்தது.

சைக்கிள் பையிலிருந்த சீட்டை அன்றைக்குத்தான் வெளியே எடுத்தான்.

டாக்டர் பார்த்தசாரதி கால்களில் சின்னச் சின்னதாக மின்சாரம் பாய்ச்சி நரம்புகளைச் சோதித்தார். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இது பரம்பரையா வர்ற நரம்பு நோய். உயிருக்கு ஆபத்து இல்ல. மெதுவா முத்தும், ஆனா முத்திக்கிட்டேதான் இருக்கும். பாதத்துல தசை எளைக்க எளைக்க வளைவு இன்னும் ஏறும். ஷூவால வந்தது இல்ல இது, ஷூவால தீரவும் தீராது. கணுக்காலுக்குப் பட்டை போடணும், பயிற்சி செய்யணும். சைக்கிள் ஓட்டலாம், கவ்வற பெடல் மட்டும் வேணாம். தெனமும் பாதத்தைக் கண்ணால பாத்துக்கோங்க. அது இனிமே உங்ககிட்ட எதையும் சொல்லாது."

ஜெபசிங் தலையாட்டினான்.

"கொழந்தைங்க இருக்காங்களா?"

"ஒரு பொண்ணு சார். ஒம்போது வயசு."

"வர்ற வியாழக்கிழமை கூட்டிட்டு வாங்க. அவளுக்கும் இருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு. இப்பவே தெரிஞ்சா செய்யறதுக்கு நெறைய இருக்கு."

ரயிலில் ஊரப்பாக்கம் வரும்வரை அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். வியாழக்கிழமை வரை பொறுக்கலாம் என்றுதான் நினைத்தான். வீட்டுக்குள் நுழைந்ததும் பாப்பா ஓடிவந்து கையைப் பிடித்துத் தொங்கியபோது அவனால் முடியவில்லை.

"பாப்பா, விரலெல்லாம் மேல தூக்கிக்கினு, குதிகால்லயே நடந்து காட்டு பாக்கலாம்."

"எதுக்குப்பா?"

"சும்மா. வெளையாட்டு."

அவள் கைகளை விரித்துக்கொண்டு கூடத்தில் நடந்தாள். வலது பாதம் நிமிர்ந்தே இருந்தது. இடது பாதத்தின் முன்பக்கம் மூன்றாவது அடியில் பட்டென்று தரையில் விழுந்தது. அவள் சிரித்துக்கொண்டு மறுபடியும் தூக்கினாள். மறுபடியும் விழுந்தது.

சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றிருந்த ஹெலன் மகளைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாங்க வெளையாட்டு இது?"

அவன் சொன்னான். காயத்ரி கேட்டது, தான் இல்லையென்றது, பையில் செருகிய சீட்டு, திருவிடந்தை பஸ், டாக்டர் சொன்னது. அடுப்பில் குழம்பு அடிபிடிக்கும் வாசனை வந்தது. யாரும் போய் அணைக்கவில்லை.

"சீட்டு குடுத்து எத்தினி நாளாச்சு?" என்றாள் ஹெலன் கடைசியில்.

"ரெண்டு மாசம் ஆவப்போவுது."

"ரெண்டு மாசம்," என்று அவள் திருப்பிச் சொன்னாள். பிறகு, "வியாழக்கெழம எத்தினி மணிக்கு?"

"பத்து மணிக்கு. நான் லீவு சொல்லிட்டேன்."

"நானும் சொல்லணும்," என்று அவள் போனைத் தேடிப் போனாள். எங்கே வைத்தோம் என்று தெரியாமல் அலமாரி, மேசை, கட்டில் என்று கைகள் தடவிக்கொண்டிருந்தன.

கூடத்தில் பாப்பா தனியாக மறுபடியும் நடக்கத் தொடங்கியிருந்தாள். பட், பட் என்று அந்த இடது பாதம் விழும் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.