எஞ்சினுக்கு மேலே ஒரு பெஞ்சு

படகின் பின்பக்கத்தில், எஞ்சின் அறைக்கு நேர் மேலே, யாரும் விரும்பி உட்காராத ஒரு பெஞ்சு இருந்தது. உட்கார்ந்தால் பல்லெல்லாம் கிடுகிடுக்கும். பக்கத்தில் இருப்பவர் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் ஒரு எழுத்து விளங்காது. விவரம் தெரிந்தவர்கள் முன்பக்கம் போய் நிழலில் கால் நீட்டிக்கொள்வார்கள். தெரியாதவர்கள் உட்கார்ந்த வேகத்தில் எழுந்து ஓடுவார்கள். அன்று காலை முன்பக்கம் அவ்வளவு இடம் காலியாகக் கிடக்க, மூன்று பெண்கள் நேராக அந்தப் பெஞ்சுக்கே வந்து, பைகளைக் காலுக்கடியில் தள்ளிவிட்டு, சொந்த வீட்டுக் கட்டிலில் உட்காருவதுபோல் சாவகாசமாக உட்கார்ந்தார்கள்.

ஒருத்தி பேக்கரிக்காரி. ஊரே தூங்கும்போது எழுந்து மாவு பிசைந்து பிசைந்தே ஐம்பதைத் தாண்டியவள். பேக்கரியைத் தம்பி மகனிடம் விட்டாயிற்று, பட்டப்பெயர் மட்டும் அவளை விடவில்லை. இன்னொருத்தி டீச்சர். சின்னப் பிள்ளைகளோடு கத்திக் கத்தித் தொண்டை தேய்ந்து, இப்போது அவள் ‘சாப்பிட்டியா’ என்று கேட்டால்கூட ஏதோ ரகசியம் சொல்வதுபோல் இருக்கும். மூன்றாமவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். ‘இதுல தெளிவா இருக்கா, அதுல தெளிவா இருக்கா’ என்று நாள் முழுக்க அடுத்தவர்களைக் கேட்பதே அவள் பிழைப்பு. தோழிகள் அவளைக் ‘கண்ணாடி’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

மூவரும் ஒரே தெரு. இரண்டு நாள் லீவு சேர்ந்து வந்தால் போதும், படகேறிவிடுவார்கள். மணிக்கூண்டு இருக்கும் ஊர், தெருவெல்லாம் படிக்கட்டாக இருக்கும் ஊர், உப்பு குவிந்து கிடக்கும் தீவு, ஒரே ஒரு கடையும் எண்ணமுடியாத பூனைகளும் உள்ள தீவு என்று அவர்கள் கால் படாத கரை குறைவு. ஆனால் கண்ணாடிக்குப் பிடித்தது ஊர்கள்கூட இல்லை, அவை வருகிற விதம். முதலில் கடலும் வானமும் சேருமிடத்தில் ஒரு அழுக்குபோலத் தெரியும். மேகமா கரையா என்று சொல்ல முடியாது. பார்த்துக்கொண்டே இருந்தால் அதிலிருந்து ஒரு கோபுரம் பிரியும், பிறகு ஒரு மஞ்சள் சுவர், பிறகு மாடியில் காயும் துணி. கடையில் வில்லையை மாற்றி மாற்றிப் போடும்போது மங்கிக் கிடந்த எழுத்து எழுந்து வருமே, அந்த மாதிரி. திரும்பும்போது எல்லாம் அதே வரிசையில் உள்ளே போய்விடும், துணி, சுவர், கோபுரம். அவள் இமைகூட மூடாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த நேரத்தில் இரண்டு தோழிகளின் தோளும் இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டிருக்க வேண்டும். அதுதான் அவளுக்குச் சொர்க்கம்.

பெஞ்சு விஷயத்துக்கு வருகிறேன். முதல் பயணத்தில் கூட்டம் நெரித்ததால் வேறு வழியில்லாமல் அங்கே உட்கார்ந்தார்கள். பேக்கரிக்காரிக்கு அப்போது தம்பி வீட்டில் ஏதோ பெரிய தகராறு. கடலைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தாள். பக்கத்தில் இருந்த இருவருக்கும் அவள் வாய் அசைவது தெரிந்ததே தவிர ஒரு வார்த்தை விழவில்லை. இறங்கும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, சொத்தைப் பல்லைப் பிடுங்கிப் போட்டவள் மாதிரி அப்படி ஒரு நிம்மதி! அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. முறை வருகிறவள் நடுவில் உட்கார்ந்து, வீட்டில் சொல்ல முடியாததை உரக்கச் சொல்லிவிட வேண்டும். மற்ற இருவரும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். உதட்டைப் பார்க்கக் கூடாது. பிறகு ‘என்னடி சொன்னே’ என்று கேட்கவும் கூடாது. பெஞ்சில் சொன்னது பெஞ்சோடு.

அன்று அவர்கள் போனது ஒரு வீட்டைப் பார்க்க. ‘வயசானா மூணு பேரும் ஏதாவது தீவுல ஒரு வீடு எடுத்து ஒண்ணா இருக்கணும்டி’ என்று பேக்கரிக்காரி சொல்ல ஆரம்பித்து வருஷக்கணக்காகிவிட்டது. ஒவ்வொரு பயணத்திலும் அந்த வீடு வளரும். ஒருதரம் அதற்கு நீலக் கதவு வந்தது, இன்னொருதரம் கொல்லையில் கோழிகள். ‘கடல் பாத்த ஜன்னல் கண்ணாடிக்கு, அவதான் பராக்குப் பாக்கிற ஜென்மம்’ என்று அறையும் ஒதுக்கியாகிவிட்டது. கண்ணாடி சிரித்துக்கொண்டே தலையாட்டுவாள். கனவு காண என்ன செலவு? ஆனால் போன மாதம் பேக்கரிக்காரி நிஜமாகவே ஒரு வீட்டைக் கண்டுபிடித்துவிட்டு வந்து நின்றாள். நீலக் கதவு இல்லை, மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. கண்ணாடிக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

பிறந்த வீட்டில் ஒரே அறையில் ஆறு பேரோடு தூங்கி எழுந்தவள் அவள். வாழ்க்கைப்பட்ட வீட்டில் கேட்கவே வேண்டாம், குளியலறைக் கதவை யாராவது தட்டிக்கொண்டே இருப்பார்கள். மாமியாரைக் கடைசிவரை பார்த்து, மகளைக் கரையேற்றி, புருஷனையும் சுடுகாட்டுக்கு அனுப்பிவைத்த பிறகு கண்ணாடிக்கடைக்கு மேலே ஒற்றை அறை ஒன்றில் குடியேறினாள். ‘ஐயோ பாவம், தனியா’ என்று எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். அவளோ காலையில் ஜன்னல் திட்டில் வைத்த டம்ளர், சாயங்காலம் வரும்போது வைத்த இடத்திலேயே இருப்பதைப் பார்த்து முதல் நாள் சிரித்தேவிட்டாள். அந்த டம்ளரை யாரும் தொடவில்லை! இந்த சந்தோஷத்தை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் என்ன நினைப்பார்கள்? உயிரையே கொடுக்கக்கூடிய இந்த இரண்டு பேரிடம் ‘உங்களோடு ஒரே வீட்டில் இருக்க எனக்கு இஷ்டமில்லை’ என்று எந்த வாயால் சொல்வது?

ஆகவே பெஞ்சிடம் சொன்னாள்.

டீச்சர் முறை முடிந்து இடம் மாறினார்கள். கரை பின்னால் போய்விட்டது, தீவு இன்னும் வரவில்லை. சுற்றிலும் தண்ணீர், அதன்மேல் பால் கலந்த மாதிரி ஒரு வெளிச்சம். பேக்கரிக்காரி இடப்பக்கம் திரும்பிக்கொண்டாள், டீச்சர் வலப்பக்கம். கண்ணாடி மூச்சை இழுத்து ஆரம்பித்தாள். டம்ளரைச் சொன்னாள். கதவைத் தாழ்போட்டுக்கொண்டு தரையில் கைகால் பரப்பிப் படுப்பதைச் சொன்னாள். இவளுகளோட போயிட்டு வரத்தான் எனக்கு ஆசை, போய் இருக்க இல்ல என்றாள். சொல்லச் சொல்லக் குரல் ஏறிக்கொண்டே போயிற்று, எஞ்சின் அத்தனையையும் விழுங்கிக்கொண்டே வந்தது. அந்தத் தைரியத்தில், அடிவயிற்றிலிருந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரே கத்தாகக் கத்தினாள்.

எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுவிட்டது.

“சத்தியமா எனக்கு அந்த வீடு வேண்டாம்!”

கடல் முழுக்கக் கேட்டது. அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது. எதிரே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த பெரியவர் தாளை இறக்கி, அக்கறையாக, “எந்த வீடும்மா?” என்றார்.

அவள் கண்ணைத் திறந்து இரண்டு பக்கமும் பார்த்தாள். பேக்கரிக்காரி இடப்பக்கம் பார்த்தபடியே இருந்தாள். டீச்சர் வலப்பக்கம் பார்த்தபடியே இருந்தாள். பின்கழுத்துகளைப் பார்த்து என்ன தெரிந்துகொள்ள முடியும்? கீழே மெக்கானிக் எதையோ தட்டுகிற சத்தம். படகு போக்கிடம் தெரியாததுபோல் மெல்லத் திரும்பியது. நிழல்கள் தளத்தின் குறுக்கே நகர்ந்து போயின. இத்தனை வருஷத்தில் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து கடலின் சத்தத்தை அவர்கள் கேட்டதே இல்லை. பலகையில் தண்ணீர் வந்து மொத்துவது, ஏதோ ஒரு கயிறு முனகுவது, முன்பக்கம் ஒரு குழந்தை தூக்கத்தில் சிணுங்குவது எல்லாம் கேட்டது.

ரொம்ப நேரம் கழித்து, “மீனு துள்ளுது பாரு” என்றாள் பேக்கரிக்காரி. டீச்சர், “எங்க?” என்றாள். அவ்வளவுதான். எஞ்சின் மறுபடி உயிர் பிடித்து உறுமத் தொடங்கியது.

தீவில் இறங்கி, வலைகள் காயும் சந்து வழியாக, ஐஸ் ஆலையைத் தாண்டி மேட்டில் ஏறினார்கள். பேக்கரிக்காரி எப்போதும்போல முன்னால் நடந்தாள். டீச்சர் எப்போதும்போல செருப்பில் மணல் ஏறியதற்குப் புலம்பினாள். கண்ணாடி ஒவ்வொரு வார்த்தையையும் முகர்ந்து பார்த்தாள். கேட்டிருக்குமா? கேட்காமல் எப்படி இருக்கும், செய்தித்தாள்காரருக்கே கேட்டதே! அப்புறம் ஏன் ஒன்றும் சொல்ல மாட்டேனென்கிறார்கள்? சட்டம்தான், பெஞ்சில் சொன்னது பெஞ்சோடு. ஆனால் இப்படியுமா ஒருத்தி சட்டத்தைக் கட்டிக்கொண்டு அழுவாள்? ‘ஏண்டி பாவி, இத்தனை வருஷம் தலைய ஆட்டினியே’ என்று முதுகில் இரண்டு வைத்தாலாவது தேவலாம் போலிருந்தது.

வீட்டுக்காரர் கப்பலில் சமையல் வேலை பார்த்து ஓய்ந்தவர். சாவிக் கொத்தோடு வாசலில் நின்றார். இரண்டு அறை, ஒரு அடுப்படி, வெள்ளையடித்த சுவரில் கடலின் வெளிச்சம் நெளிந்துகொண்டிருந்தது. ஜன்னல்! சும்மா சொல்லக் கூடாது, கண்ணாடிக்கு ஒரு நொடி மூச்சே நின்றுவிட்டது. அதில் கடலைத் தவிர வேறொன்றும் இல்லை. தூரத்தில் ஒரு அழுக்கு, மேகமோ கரையோ. பேக்கரிக்காரி சுவர்களைத் தட்டிப் பார்த்தாள், அடுப்பு மேடையில் கையைப் பரப்பி உயரம் சரியாக இருக்கிறதா என்று மாவு பிசைவதுபோல் அழுத்திப் பார்த்தாள், குழாயைத் திறந்து தண்ணீரை ஒரு வாய் குடித்தாள்.

“எத்தனை பேரும்மா இருப்பீங்க?” என்றார் வீட்டுக்காரர்.

பேக்கரிக்காரி குழாயை மூடினாள். ஒரு சொட்டு விழாதவரை திருகி மூடினாள். பிறகு அவரைப் பார்த்தே சொன்னாள்.

“இருக்கப்போறது ரெண்டு பேருங்க. இன்னொருத்தி வந்து வந்து போவா. அவளுக்கு அந்த ஜன்னலோரமா ஒரு கட்டில் போட்டுக் குடுத்துடுங்க.”

டீச்சர் கூரையைப் பார்த்தாள், அங்கே என்னவோ பெரிய சித்திரம் வரைந்து வைத்திருக்கிற மாதிரி.

கண்ணாடி எதற்காக ஒரு மாதமாகச் சோறு இறங்காமல் கிடந்தாளோ அது நடந்துவிட்டது. ஒரு சண்டை இல்லை, ஒரு கண்ணீர் இல்லை. காற்றாய்ப் பறக்க வேண்டியவள்தானே? ஆனால் மனசு அந்தக் கணக்கிலேயே நின்றது. ரெண்டு பேர். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்! வேண்டாமென்று கத்தியது இவள்தான், விட்டுவிட்டுப் போய்விட்டார்களே என்று தவித்ததும் இவள்தான். ‘நான் அப்படிச் சொல்ல வரலடி’ என்று சொல்ல வாய் துடித்தது. எதைச் சொல்ல வரல? அவர்கள்தான் ஒன்றுமே கேட்கவில்லையே! அவள் போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வெயிலில் கம்பி சுட்டது.

மத்தியானம் மூவரும் அந்த வெறும் தரையில் உட்கார்ந்து, கொண்டுவந்திருந்த ரொட்டியைச் சாப்பிட்டார்கள். டீச்சர் பள்ளியில் ஒரு வாண்டு மூக்கில் பட்டாணியைப் போட்டுக்கொண்ட கதையைச் சொன்னாள். பேக்கரிக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், சிரிப்பு நின்ற பிறகும் கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலப் படகுக்குக் கிளம்பும்போதுதான் சொன்னாள்.

“நாங்க ரெண்டு பேரும் இன்னைக்கு இங்கயே தங்கறோம்டி. காலையில வெயில் எந்தப் பக்கமா மூஞ்சில அடிக்குதுன்னு பாக்கணும் எனக்கு. நீ போயிட்டு வா. உனக்குக் கடை இருக்குல்ல.”

“நாளைக்குக் கடை லீவுதானே.”

“இருந்தா என்ன, நீ போ.”

கோபமா? இல்லை, இவளை இவளுடைய டம்ளரிடம் அனுப்பிவைக்கிறாளா? கண்ணாடியால் கண்டுபிடிக்க முடியவில்லை. டீச்சர் மட்டும் படகுத்துறைவரை அவள் விரலைப் பிடித்துக்கொண்டே வந்தாள், பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகளைத் தெருவைக் கடத்துவதுபோல.

பெஞ்சு காலியாக இருந்தது. அவள் நடுவில் உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் காற்று வந்து உட்கார்ந்துகொண்டது. எஞ்சின் அதிர, கயிற்றை அவிழ்த்துவிட, துறைக்கும் படகுக்கும் நடுவே ஒரு கோடு தண்ணீர் தெரிந்து, அகலமாயிற்று. அப்போதுதான் பேக்கரிக்காரி இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக்கொண்டு என்னவோ கத்தினாள். நீளமாகக் கத்தினாள். நின்று, மூச்சு வாங்கி, மறுபடி கத்தினாள். டீச்சர் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திட்டுகிறாளா, சாவியைப் பற்றி ஏதாவது சொல்கிறாளா, அடுத்த வாரம் வா என்கிறாளா? இந்தத் தூரத்திலிருந்து அழுகிற முகமும் சிரிக்கிற முகமும் ஒன்றுபோலத்தான் இருந்தன. ஊருக்கெல்லாம் எழுத்தைத் தெளிவாக்கிக் காட்டியவளுக்கு அந்த உதடுகள் தெளியவில்லை. எஞ்சின் ஒரு சொல்லையும் மிச்சம் வைக்கவில்லை.

கண்ணாடி எழுந்து நின்றாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, காலையில் கத்தினதைவிடப் பெரிதாகக் கத்தினாள்.

“கேட்டுச்சு! கேட்டுச்சுடி!”

பேக்கரிக்காரி கைகளை இறக்கினாள். பிறகு காதுக்குப் பின்னால் உள்ளங்கையைக் குவித்துக்கொண்டு துறையின் விளிம்புவரை வந்து, கடலைப் பார்த்துக் குனிந்து நின்றாள். முதலில் மாடியில் காய்ந்த துணிகள் உள்ளே போயின, பிறகு வெள்ளைச் சுவர்கள். அவள் இன்னும் கையை எடுக்கவில்லை.