பரிசு பெற்ற வெள்ளம்

எழுதி முடியாத புது நாடகங்களை வளர்த்தெடுக்கப் பரிசு தருவதாக 1934-இல் மதராஸ் சபை ஒன்று அறிவித்தது. எங்கள் தக்கலை ஏசுவடியானும் தன் நாடகத்தை அனுப்பிவைத்தான். அதில் சாகக் கிடக்கும் கிழவன், "வெள்ளம்... வெள்ளம்..." என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். சொத்துக்கு அடித்துக்கொள்ளும் பிள்ளைகளின் காதில் அது விழவில்லை. எங்கள் பக்கம் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர்.

பிள்ளைகளுக்குக் கேட்காதது மதராஸுக்கு வேறு மாதிரி கேட்டுவிட்டது. பரிசு கொடுக்கத் தக்கலைக்கே வந்த நடுவர் அங்கவஸ்திரத்தை இழுத்துவிட்டுக்கொண்டு பேசினார்.

"உயிர் போகும்போதும் வெள்ளம் வருகிறதென்று ஊரை எச்சரிக்கிறாரே பெரியவர், என்ன தியாகம்! ஆனால் மேடையில் வெள்ளத்தைக் காணோமே. பரிசை வைத்து அதை வளர்த்தெடுங்கள்."

ஏசுவடியான் பதறி எழுந்தான். "ஐயா, அது தாகத்துக்கு..."

சபையின் உள்ளூர்க் காரியதரிசி யோவான் அவன் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். "சும்மா இரி மக்கா. பரிசு வெள்ளத்துக்காக்கும். தாகத்துக்கு எவன் தருவான்?"

ஏசுவடியான் வளர்த்தான். பரிசெல்லாம் நீலத் துணியாகவும் இடி முழங்கும் தகரமாகவும் ஆனது. தக்கலையில் நடந்த அரங்கேற்றத்தில் கட்டிலைச் சுற்றித் துணி அலையடித்தது, பிள்ளைகள் நீந்தினார்கள், நடுவர் முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடுவில் கிடந்த கிழவன், "வெள்ளம்... வெள்ளம்..." என்று முனகினான்.

ஏசுவடியானின் மாமியார் செல்லபாய்க்குப் பொறுக்கவில்லை. பின்வரிசையிலிருந்து எழுந்து கத்தினாள்:

"ஏலே, சுத்தி இம்புட்டு வெள்ளம் கெடக்கே! அந்தக் கெழவனுக்கு ஒரு வாய் கோரிக் குடுங்கலே!"