வாலாஜாபாத் சங்கீதா

வசந்த் வாயைத் திறந்தால் பொய்தான். காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் அவன் வேலை பார்க்கும் பட்டுக் கடைக்கு நான் நெய்த சேலைகளைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். வேலைக்குச் சேர்ந்த வாரம் என்னிடம் தன்னை என்ஜினீயர் என்றான். அடுத்த வாரம் மிலிட்டரியில் இருந்ததாகச் சொன்னான். உண்மையில் அவனுடையது வாலாஜாபாத் பக்கத்தில் நெல் விளைவிக்கிற குடும்பம், தறியைத் தொட்டதுகூடக் கிடையாது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஒரு நாள் நான் மூட்டையோடு உள்ளே நுழைந்தபோது, சென்னையிலிருந்து வந்த ஓர் அம்மாளிடம் என் சேலையை விரித்துக்கொண்டிருந்தான்.

"இது என் சம்சாரம் நெய்ஞ்சது மேடம். பேரு சங்கீதா, பிள்ளையார்பாளையம். இடுப்பு வலியோட இருபது நாள் குந்தினு நெய்ஞ்சா."

சங்கீதா நான்தான். எனக்கு இடுப்பு வலியும் இல்லை, புருஷனும் இல்லை. அவனுக்கும் கல்யாணம் ஆகவில்லை. அந்த அம்மாள் கண் கலங்கி, பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு போனாள்.

"யாருப்பா உன் சம்சாரம்?" என்றேன்.

"சும்மா வியாபாரத்துக்குதான் சங்கீதா. இனிமே சொல்ல மாட்டேன்."

அதுவும் பொய்தான் என்று அந்த ஆனி மாதமே தெரிந்தது.

சின்ன காஞ்சிபுரத்திலிருந்து சம்பூர்ணம் என்பவர் தன் மகன் சிவராஜுக்கு என்னைப் பெண் கேட்டிருந்தார். அவர்களும் தறிக்காரர்கள். சிவராஜ் அதிகம் பேசாதவன். ஒரு வசந்தைப் பார்த்த எனக்கு அந்தத் தகுதியே போதுமாக இருந்தது. ஆவணியில் கல்யாணம் என்று பேச்சு. இந்த நேரத்தில் சம்பூர்ணம், ஊரிலிருந்து வந்த உறவுக்காரிக்குச் சேலை எடுக்க அதே கடைக்குப் போயிருக்கிறார். வசந்த் அவரிடமும் அதே சம்சாரப் பாட்டைப் பாடியிருக்கிறான். தறிக்காரி சும்மா இருப்பாரா?

"கோர்வை யாரு போடறது?" என்று கேட்டிருக்கிறார்.

"நான்தாம்மா. தெனம் காலைல கடைக்கு வர்றதுக்கு முன்னாடி அவ பக்கத்துல குந்தி நான்தான் போடுவேன்."

கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். கரை நூல் சுற்றிய நாடாவை எறியப் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார வேண்டும். தோளோடு தோள் இடிக்கிற வேலை என்பதால் எங்கள் தெருக்களில் வீட்டு ஆட்கள்தான் உட்காருவார்கள், பெரும்பாலும் புருஷனும் பெண்டாட்டியும். வெளி ஆண் ஒருவன் தினம் காலையில் எனக்குக் கோர்வை போடுகிறான் என்றால் அதற்கு மேல் யாரும் விசாரிக்க மாட்டார்கள். சாயங்காலமே சம்பந்தம் வேண்டாம் என்று ஆள் வந்தது. எனக்கு உண்மையில் கோர்வை போடுகிற அப்பா இரண்டு நாள் தறிப் பக்கமே வரவில்லை.

நான் கடைக்குப் போய் வசந்தைத் தெருவுக்கு இழுத்தேன். "நேரா அவங்க வீட்டுக்குப் போய் உண்மையச் சொல்லு."

முகம் வெளுத்துத் தலையாட்டினான்.

மூன்றாம் நாள் சம்பூர்ணம் தட்டில் பூவும் பழமுமாகச் சிரித்துக்கொண்டே வந்தார்.

"அந்தத் தம்பி வந்து சொல்லிச்சுமா. அது சம்சாரம் வேற சங்கீதாவாம், வாலாஜாபாத்தாம். ரெட்டைக் கொழந்தைங்க. போட்டோகூட காமிச்சுது."

யார் பெற்ற பிள்ளைகளோ. பொய்யைத் துடைக்க இன்னும் பெரிய பொய்யை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான், வெட்கங்கெட்டவன். அப்பா என்னைப் பார்த்த பார்வையிலேயே, வாயை மூடிக்கொண்டிரு என்று கெஞ்சினார். மூடியிருந்தால் ஆவணியில் கல்யாணம் நடந்திருக்கும். ஆனால் அவன் பொய்யில் நான் வாழப் போக வேண்டுமா? நினைக்கவே அருவருப்பாக இருந்தது.

"வாலாஜாபாத்துல அப்படி யாரும் இல்ல அத்தே. அவனுக்குக் கல்யாணமே ஆவல. என் பேரைச் சொல்லி யாவாரம் பண்ணான், அவ்ளோதான்."

சம்பூர்ணத்தின் சிரிப்பு நின்றது. "அப்போ உன்னைக் காப்பாத்த அவன் எதுக்கும்மா இம்மாம் பொய் சொல்றான்?"

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். இல்லாத வாலாஜாபாத் சங்கீதாவை முழுசாக நம்பியவர், எதிரே உட்கார்ந்திருந்த என்னை நம்பவில்லை. இவர்கள் வீட்டுக்கா போக இருந்தேன் என்று எரிச்சலாக வந்தது. அன்று ராத்திரி அழவும் செய்தேன்.

மறுநாள் கடையில் வசந்த் ஒரு சேலையை மடித்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினான்.

"வந்தாங்களா?"

"வந்தாங்க. நிச்சயம் ஆயிடுச்சு. ஆவணியில கல்யாணம்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. யோசித்துக்கொண்டு போகவில்லை. ஒரு நாளைக்கு நூறு பொய் சொல்கிறவன், என் ஒரு பொய்யைக் கண்டுபிடிக்கவில்லை. அப்படியே நம்பிவிட்டான். அவன் கை பாதி மடிப்பில் நின்றது. முந்தானையை உள்பக்கம் வைத்து மடித்தான், பிரித்தான், மறுபடியும் தப்பாகவே மடித்தான்.

"சந்தோஷம் சங்கீதா," என்றான்.

அவன் வாயால் எத்தனையோ பொய் கேட்டிருக்கிறேன். இவ்வளவு மோசமாக ஒன்றைச் சொல்லிக் கேட்டதில்லை.