கஸுயோ ஏறிய ரயில்

கஸுயோ ஏறிய ரயில் எதுவும் நகராது என்பது ஒசாகாவில் எங்கள் ஸ்டேஷனுக்குத் தெரியவந்தது, மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முந்தின ஒரு திங்கட்கிழமை காலையில். நல்ல கூட்ட நேரம். கதவு மூடியாயிற்று, சிக்னல் விழுந்தாயிற்று, நடைமேடைப் பணியாளர் ஒகிதா வெள்ளைக் கையுறை போட்ட விரலை நீட்டி, "கதவு சரி, சிக்னல் சரி, புறப்பாடு சரி" என்று ரயில்வே விதிப்படி வழக்கம்போலக் கூவினார். ரயில் இடித்த புளி மாதிரி நின்றது. மெக்கானிக்குகள் வந்து குனிந்து பார்த்துவிட்டு ஒரு கோளாறும் இல்லை என்றார்கள். மூன்று தடவை மன்னிப்புக் கேட்டு எல்லோரையும் இறக்கினார்கள். கஸுயோவும் பையோடு இறங்கினாள். உடனே காலி ரயில் சமர்த்தாகப் போயிற்று. அடுத்த ரயிலில் ஏறினாள், அதுவும் நின்றது. மூன்றாவதும் அப்படியே. ஒகிதாவுக்குப் பதில் வேறு ஆளைக் கூவவைத்துப் பார்த்தார்கள், பலனில்லை. கடைசியில் ஸ்டேஷன் மாஸ்டரே வந்து இடுப்பு வளையக் கும்பிட்டு, சிரமம் பார்க்காமல் நான்காம் நடைமேடையில் சும்மா நிற்கும் பழைய ரயிலில் உட்கார முடியுமா என்று கேட்டார். பஸ்ஸில் போகலாமே என்றவர்களிடம், பஸ் தனக்குக் குமட்டும் என்றாள் கஸுயோ. உட்கார்ந்துவிட்டாள்.

கஸுயோ வேறு யாருமில்லை, ஒகிதாவின் மனைவி. இருபத்திரண்டு வருஷத்துக் குடித்தனத்தை விட்டுக் கனஸாவாவில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கிளம்பியவள். நடைமேடைக்காரர்களின் விரல் வீட்டிலும் சும்மா இருக்காது என்பது எங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். ஒகிதாவும் தினம் வேலைக்குக் கிளம்புமுன் விரலை நீட்டி, கேஸ் சரி, ஜன்னல் சரி, சாவி சரி என்று வீட்டைச் சுற்றிவந்து, கடைசியில் மனைவியைக் காட்டி, கஸுயோ சரி என்று கூவுவார். கல்யாணமான புதிதில் அவள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள். அந்த வருஷம் பிப்ரவரியில் ஒருநாள் விடியற்காலை, அவளுடைய அம்மா போய்விட்டதாகப் போன் வந்தது. போனை மடியில் வைத்துக்கொண்டு சமையலறையில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஒகிதா வந்தார். கேஸ் சரி, ஜன்னல் சரி, சாவி சரி, கஸுயோ சரி. செருப்பலமாரியைத் திறந்து ஷூவைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். விரல்தான் அவள் பக்கம் இருந்தது, கண் கடிகாரத்தில் இருந்தது. சாயங்காலம் விஷயம் தெரிந்ததும் மனுஷன் நிஜமாகவே அழுதார், லீவு போட்டார், சாவுக் காரியங்களில் ஒரு குறை வைக்கவில்லை. ஆனால் காலையில் நீண்ட அந்த விரல் கஸுயோவுக்குத் தொண்டையில் சிக்கிய மீன்முள்ளாக நின்றுவிட்டது. நாற்பத்தொன்பதாம் நாள் காரியம் முடிந்ததும் பையை எடுத்து வைக்கத் தொடங்கினாள்.

இது ஒன்றும் ஒகிதாவுக்குத் தெரியாது. புறப்பாடு சரி என்றுதானே சொன்னேன், அதில் என்ன தப்பு என்று பெட்டிக்கடை ஹோசோமி அக்காவிடம் போய்ப் புலம்பினார். அவள் வாய் சும்மா இருக்குமா? "உன் பொண்டாட்டிய அனுப்ப ரயிலுக்கே மனசு வரல. உனக்கு மட்டும் எப்படிய்யா வருது?" என்றாள்.

கோடை போயிற்று. பூமிக்கடியில் இருக்கும் எங்கள் ஸ்டேஷனில் பருவம் தெரிவது காசு போட்டால் பானம் தரும் தானியங்கிப் பெட்டியில்தான்; குளிர்ந்த தேநீர் போய்ச் சூடான டப்பாக் காப்பி வந்தது. ஜனங்கள் பழகிவிட்டார்கள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். ஆபீஸ்காரர்கள் அவள் தோளில் சாய்ந்து குட்டித் தூக்கம் போட்டார்கள்; நேரம் பார்த்து எழுப்பிவிடுவாள். மத்தியானம் ஒகிதா இரண்டு சோற்றுருண்டை வாங்கிவந்து இருக்கையில் வைத்துவிட்டு, வெளியே போய் விரலை நீட்டி, புறப்பாடு சரி என்பார். ரயில் அசையாது. உள்ளுக்குள் அவருக்கு அதில் ஒரு சந்தோஷம், வெட்கங்கெட்ட சந்தோஷம்.

மறுவருஷ மழைக்காலத்தில் ஒருநாள் புழுக்கத்தில் அவர் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. துடைத்துப் போட்டுக்கொண்டு, சரியாகத் தெரிகிறதா என்று ஜன்னலோடு ஒட்டி உள்ளே பார்த்தார். கஸுயோவுக்கு வகிடு வெளுத்திருந்தது. கணுக்கால் வீங்கி, செருப்பு நுழையாமல் கழற்றிப் போட்டிருந்தாள். மடியில் காகிதம் விரித்து, சோற்றுருண்டைக்குள் இருந்த, உப்பில் ஊறிய பிளம் பழம் இரண்டையும் நோண்டி எடுத்து ஓரமாக வைத்திருந்தாள். ஒகிதா விரலை மடக்கிக்கொண்டு உள்ளே போனார்.

"உனக்கு இது பிடிக்காதா?"

"கல்யாணமான நாள்லேர்ந்து."

"சொல்லவே இல்லையே."

"தினம் சரின்னு சொல்லிட்டுப் போயிட்டீங்க. நடுவுல நான் எங்கேருந்து சொல்றது?"

பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு, "அன்னைக்கு விடிகாலைல போன் உன் மடியிலதான் இருந்துச்சு, இல்ல?" என்றார். இருந்தது என்றாள். அவர் கையுறையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அது போதவில்லை. அவளும் அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்: "இப்ப என்னை அனுப்புங்க. அக்கா காத்துட்டிருக்கா."

ஒகிதா இறங்கி நடைமேடையில் நின்று விரலை நீட்டினார்.

"கதவு சரி. சிக்னல் சரி. கஸுயோவுக்குக் கால் வீங்கியிருக்கு. அவ அம்மா போன அன்னைக்கு நான் அவளைப் பாக்கல. அனுப்ப எனக்கு மனசே இல்ல. புறப்பாடு."

ரயில் கிளம்பிப் போயிற்று. ஒரு வருஷத்துக்கும் மேலான தாமதத்துக்கு ஒலிபெருக்கியில் வருத்தம் தெரிவித்தார்கள். யாரும் குறை சொல்லவில்லை.

அதிலிருந்து எங்கள் ஸ்டேஷனில் பொய்யாகக் கூவினால் எந்த ரயிலும் நகருவதில்லை. கதவு சரி, சிக்னல் சரி, எனக்குப் பல்வலி என்பார் ஒருவர். மாமியாரோடு சண்டை என்பார் இன்னொருவர். வண்டி நேரத்துக்குப் போகும். வெளியூர்க்காரர்கள்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

புத்தாண்டு முடிந்த வாரம் ஒரு ரயில் வந்து நின்றது, கஸுயோ இறங்கினாள். கால் வீக்கம் வடிந்திருந்தது. ஒகிதா வேலையில் இருந்தார். எத்தனை நாள் இருப்பாய் என்று கேட்டார்.

"தெரியல. வந்து பாக்கலாம்னு வந்தேன்" என்றாள்.

ரயிலில் ஜனம் நெருக்கிக்கொண்டு நின்றது. ஒகிதா அவளை ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டு, திரும்பி விரலை நீட்டினார். "கதவு சரி. சிக்னல் சரி. கஸுயோ வந்திருக்கா. இருப்பாளான்னு தெரியல."

ரயில் நேரத்துக்குப் புறப்பட்டுப் போயிற்று.