பத்து ஆட்டுத் தோள்கள்

கணவன் கிரிசாந்தோ இறந்து ஐந்து மாதம் கழித்து லியோனிதாவுக்குக் குடிவரவுத் துறையிலிருந்து கடிதம் வந்தது. கொர்ராபின் என்ற ஆஸ்திரேலிய ஊரின் இறைச்சி ஆலையில் எலும்பு நீக்குபவனாக அவன் வாங்கிய விசாவில்தான் அவளும் மகளும் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஆளே இல்லாத பிறகு அது எத்தனை நாள் தாங்கும்? வெள்ளிக்கிழமைக்குள் அவள் தன் பெயரிலேயே விண்ணப்பிக்க வேண்டும். இல்லையென்றால் மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திக் கூட்டிக்கொண்டு, அந்தச் சிறுமிக்குச் சரியாக நினைவில் இல்லாத மணிலாவுக்குத் திரும்ப வேண்டும்.

ஆலை கையெழுத்துப் போடத் தயாராக இருந்தது. ஆனால் லியோனிதா செய்துவந்தது இறைச்சியைப் பெட்டியில் அடைக்கும் வேலை. விசாவுக்கான தேர்ந்த தொழில்களின் பட்டியலில் அது இல்லை. எலும்பு நீக்குவது இருந்தது.

அது அவளுக்குத் தெரியும். ஆறு வருடம், ஞாயிறுதோறும், சமையலறை மேசையில் பழகியது. ஊழியர் விலைக்குக் கிடைக்கும் ஆட்டுத் தோளைக் கிரிசாந்தோ வாங்கி வருவான். "பலத்தைக் காட்டாத. எலும்பு எங்க திரும்புதோ கத்தியும் அங்க திரும்பட்டும்" என்பான். முதன்முதலாகச் சப்பை எலும்பை ஒரு துணுக்குக் கறி ஒட்டாமல் அவள் உருவியெடுத்த அன்று அவன் பாராட்டவில்லை. அடுத்த ஞாயிறு இரண்டு தோள் வாங்கி வந்தான்.

அவள் திறமையைச் சோதிக்கப் புதன்கிழமை காலை தேர்வு வைத்தார்கள். பத்துத் தோள், இருபது நிமிடம். மதிப்பீட்டாளர் பிரிஸ்பேனிலிருந்து முந்தின நாளே வந்து விடுதியில் தங்கியிருந்தார். அதே காலையில்தான் தேர்தல் வேட்பாளர்கள் இருவரும் ஆலைக்கு வருகிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. வெளிநாட்டுத் தொழிலாளர் விசா பற்றி அவர்கள் மோதிக்கொள்வதை உள்ளூர் வானொலி நேரலையாகப் போடப் போகிறதாம்.

மேலாளர் லோவெல் கையைப் பிசைந்தார். ஆலையில் எல்லாருக்கும் அவள் நிடா. "அடுத்த வாரம் வெச்சுக்கலாமே, நிடா."

"அடுத்த வாரம் நான் இருக்க மாட்டேன், மிஸ்டர் லோவெல்."

பக்கத்து மேசையில் கெவ் டன்ஸ்டன் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். முப்பது வருடத்துக்கு மேலாக எலும்பு நீக்குபவர், தொழிலாளர் சங்கத்தின் பிரதிநிதி. விசாவைக் குறைக்க வேண்டும் என்று சொல்லும் வேட்பாளர் டெரன்ஸ் கிட்சனின் சின்னத்தைத் தொப்பியில் குத்தியிருந்தார். முந்தின நாள் தேநீர் வேளையில் அவளிடம் அதை மறைக்காமலே சொல்லியிருந்தார்.

"இந்த விசாவை நிறுத்துன்னுதான் சொல்வேன். உன் மேல கோபம் இல்ல. முதலாளி கையில கயிறு, உங்க கழுத்துல சுருக்கு. கிரிஸ் உடம்பு முடியலன்னு ஒரு நாளாவது லீவு கேட்டிருக்கானா?"

கேட்டதில்லை. லியோனிதா தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து போனாள்.

மதிப்பீட்டாளர் கடிகாரத்தை அழுத்தியபோது வேட்பாளர்கள் வெள்ளை அங்கியும் தலைவலையுமாக உள்ளே வந்தார்கள். வானொலிப் பெண் ஒலிவாங்கியை நீட்டியபடி கூடவே நடந்தாள்.

"நம்ம ஊர்ப் பசங்க இந்த வேலைக்கு வரமாட்டேங்கறாங்க" என்றார் இன்னொரு வேட்பாளர் பிலிப்பா ஹாரோ. விசா இன்னும் கூடுதலாக வேண்டும் என்பது அவர் கட்சி. "இவங்க இல்லேன்னா இந்த ஆலைக்குப் பூட்டுதான்."

"சம்பளத்தைக் கூட்டுங்க, தானா வருவாங்க" என்றார் கிட்சன். "ரெண்டு வாரம் பழக்கினா யார் வேணும்னாலும் செய்யற வேலைதானே?"

அறையில் கத்திகளின் சத்தம் சற்றே தணிந்தது. கெவ் திரும்பினார்.

"டெரன்ஸ், ஒண்ணு செஞ்சு பாக்கறியா?"

கிட்சன் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். கத்தி பிடிக்காத கைக்கான எஃகு வலைக் கையுறையை வலக்கையில் மாட்டினார். அதே கையால் கத்தியையும் எடுத்தார்.

"கத்திக்கு அடிபடாமப் பாத்துக்கறாரு" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். அறையே சிரித்தது. கிட்சனும் சிரித்தார், கையுறையை மாற்றிக்கொண்டு தோளை வெட்டத் தொடங்கினார்.

லியோனிதா ஆறாவதில் இருந்தாள். ஹாரோ படம் எடுப்பவரோடு அவள் பக்கம் வந்து, அவளுக்கும் அடுத்த தோளுக்கும் நடுவே நின்றுகொண்டார்.

"உங்களை மாதிரி உழைப்பாளிங்களாலதான்... கொஞ்சம் இங்க பாருங்க."

"நகருங்கம்மா. வழியை மறைக்கிறீங்க."

"நேரத்தை நிறுத்தவா?" என்று மதிப்பீட்டாளர் கேட்டார்.

"வேண்டாம் சார். இங்க ஆடு தொங்கி வர்ற செயின் யாருக்காகவும் நிக்காது."

பத்தாவது எலும்பை அவள் தட்டில் வைத்தபோது நாற்பது நொடி மீதி இருந்தது. மதிப்பீட்டாளர் ஒவ்வொரு எலும்பாகத் திருப்பிப் பார்த்தார், ஒட்டியிருந்ததைச் சுரண்டி எடைபோட்டார். சுரண்ட அதிகம் இல்லை.

"வேலை சுத்தம்" என்றார். "ஆனா பயிற்சி எங்கேன்னு எழுதணும். வீட்டுச் சமையலறைன்னா ஏத்துக்க மாட்டாங்க. இந்தத் தொழில்ல பத்து வருஷத்துக்கு மேல இருக்கற ஒருத்தர் பொறுப்பேத்து எழுதித் தரணும்."

லோவெலுக்குக் கத்தி பிடிக்கத் தெரியாது. மற்ற எலும்பு நீக்குபவர்கள் எல்லாரும் அவள் ஊர்க்காரர்கள், ஐந்தாறு வருடம் ஆனவர்கள். லியோனிதா யாரையும் கேட்கவில்லை. கேட்கக்கூடிய ஒரே ஆளின் தொப்பியில் அந்தச் சின்னம் இருந்தது.

கெவ் கையுறையைக் கழற்றிவிட்டு வந்தார். "பேனா யார்கிட்ட இருக்கு?"

"கெவ்" என்றார் கிட்சன் தாழ்ந்த குரலில். "ரேடியோ போய்க்கிட்டிருக்கு."

"போகட்டும். என் ஓட்டு உனக்குத்தான், அதுல மாத்தம் இல்ல. ஆனா ரெண்டு வாரத்துல யாரும் செய்யலாம்னியே... நீ வெட்டினது அங்க கிடக்கு, இவ வெட்டினது இங்க இருக்கு. மக்களையே கூப்பிட்டுக் காட்டு."

ஹாரோவின் முகம் மலர்ந்தது. "இதைத்தான் நானும் ஆரம்பத்துலேர்ந்து..."

"நீங்களும் இருங்கம்மா. ஆள் கிடைக்கலன்னு இவளை எடுக்கல. வேலை தெரியும்னு எடுக்கறோம். ரெண்டும் வேற."

வானொலிப் பெண் ஒலிவாங்கியை லியோனிதாவிடம் திருப்பினாள். "இவங்க ரெண்டு பேர்ல யார் சொல்றது சரி?"

"எனக்கு ஓட்டு இல்லையே" என்றாள் லியோனிதா. "கத்துக்கொடுத்தது யாருன்னு கேட்டா சொல்றேன். கிரிசாந்தோ வில்யாரின். இந்த மேசையிலதான் ஒன்பது வருஷம் நின்னாரு."

ஐந்து மாதத்தில் அந்தப் பெயரை அந்த அறையில் யாரும் உரக்கச் சொல்லியிருக்கவில்லை. அவள் குரல் உடையவில்லை. அதற்காகப் பிறகு வெகுநாள் அவள் தன்னைத் தானே மெச்சிக்கொண்டாள்.

கெவ் மேசையோரம் குனிந்து மெதுவாக எழுதினார். நிறைய எழுதிப் பழகாத கை. மதிப்பீட்டாளர் வாசித்துவிட்டு, அவளும் பார்க்கட்டும் என்று தாளைத் திருப்பினார்.

"இவளுக்குப் பயிற்சி தந்தவன் என் பக்கத்து மேசைக்காரன். இந்த ஆலையில் அவனைவிடச் சிறந்த கையை நான் பார்த்ததில்லை. இவள் வேலையை இன்று பார்த்தேன். அதே கை. கெவின் டன்ஸ்டன், 31 ஆண்டுகள்."

லியோனிதா இரண்டு முறை வாசித்தாள். மதிப்பீட்டாளர் கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.

வேட்பாளர்கள் வாதத்தை உணவறையில் தொடரப் போனார்கள். அந்தத் தேர்தலில் அவர்களில் ஒருவர் சொற்ப வாக்குகளில் ஜெயித்தார். அவளுடைய விண்ணப்பத் தாள்கள் வியாழனன்றே போய்ச் சேர்ந்தன. திங்கட்கிழமை லோவெல் அவளைப் பெட்டி அடைக்கும் இடத்திலிருந்து எடுத்து, கெவ்வுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். ஒரு மணி நேரம் கழித்துக் கெவ் தலையைத் தூக்காமலே சொன்னார்:

"கொஞ்சம் மெதுவாப் போ, நிடா. நானும் இங்கதான் வேலை பாக்கறேன்."

"என்னால முடியாது கெவ்" என்றாள் அவள். "நீங்க வேணும்னா வேகமா வாங்க."